புதுவை கண்ட நீதி

புதுவை நகரின் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடந்து, நகரை இரு கூறாக வகுக்கும் கால்வாயைக் கடந்தால், தமிழ்மக்கள் வாழ்ந்த பகுதி தொடங்குகிறது. அங்குள்ள வீதிகளுள் ஒன்று ரங்கப்பிள்ளை வீதி. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கும் வீதி அது. மற்றொன்று நயினியப்ப பிள்ளை வீதி. முன்னவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பின்னவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. ஆயினும் நம் நாட்டு நீதிமன்றங்களின் வரலாற்றைக் கற்க விரும்பும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இந்த இரண்டாவது பெயரேயாகும்.

ஒரு நாட்டின் நீதிமுறை எத்தகையது என்பதை அதன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மட்டும் அறிந்துவிட இயலாது. அதிகாரம் உடையவர்களின் சினத்துக்கு ஆளான ஒரு மனிதன் அந்நாட்டின் நீதிமன்றத்தில் எவ்வாறு விசாரிக்கப்பட்டான் என்பதைப் பார்த்தால் அதன் தரம் விளங்கிவிடும். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மதுரையில் கோவலன் கொலையுண்டது சட்டம் இல்லாமையால் அன்று. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மன்னன், சாட்டப்பட்டவனை அழைத்து வினவாமையால். சிலம்பை உடைத்துக் காட்டிக் கண்ணகி நிறுவியதும் அந்த ஒரு பிழையைத்தான். மதுரைக் கதை காப்பியத்தில் நிகழ்ந்தது. புதுவையில் அதுபோன்ற ஒன்று வரலாற்றிலேயே நிகழ்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுவையை ஆண்டவர்கள் பிரெஞ்சுக் கும்பினியார். அவர்கள் காலத்தில் இங்கே நீதி வழங்கும் மன்றங்கள் இரண்டு இருந்தன. ஒன்று சாவடி. தமிழில் நாம் வழங்கும் இச்சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாவுக்கு ஏற்பத் திரித்து வழங்கினர். நாட்டு மக்களிடையே எழும் கடன், சொத்து, குடும்பம் பற்றிய வழக்குகளும் சிறு குற்றங்களும் அங்கே விசாரிக்கப்பட்டன. நீதிபதிகளாக அமர்ந்தவர்கள் கும்பினியின் பிரெஞ்சு அலுவலர்களே. ஆயினும் அவர்கள் நாட்டு வழக்கத்தையும் குல மரபையும் கேட்டறிந்தே தீர்ப்புக் கூறினர். குற்றவாளிகளைப் பிடித்துக் கொணரும் காவல் பொறுப்பு நயினார் என்னும் அலுவலரிடம் இருந்தது. மற்றொன்று மேலாலோசனைச் சபை. 1701ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னரின் ஆணையால் புதுவையில் நிறுவப்பெற்ற இச்சபைக்கு ஆளுநரே தலைவர். வாணிகத்தை நடத்துவதும் இச்சபை. ஆட்சி புரிவதும் இச்சபை. கொடுங்குற்றங்களை விசாரித்துத் தண்டனை விதிப்பதும் இச்சபை. சாவடியின் தீர்ப்பில் மனநிறைவு இல்லாதவர் முறையிட வேண்டிய இடமும் இதுவே.

வாணிகனும் அரசனும் நீதிபதியும் ஒருவரேயாயின், அந்த வாணிகனுக்குப் பகையாகிப் போனவன் கதி என்ன? நயினியப்பரின் வழக்கு இக்கேள்விக்கு விடை கூறுகிறது.

நயினியப்ப பிள்ளை பெருவணிகர். 1708ஆம் ஆண்டில் ஏபேர் என்னும் ஆளுநர் அவரைக் கும்பினியின் தலைமைத் தரகராக அமர்த்தினார். துபாஷ் என்றும் வழங்கப்பெற்ற அப்பதவி அந்நாளில் மிகப் பெரியது. துணி நெய்வோரிடமிருந்து சரக்கைத் திரட்டுவதும், நாட்டரசர்களுடன் பேசுவதும், நகரத் தமிழர்களுக்கெல்லாம் தலைவராய் நிற்பதும் அவர் பொறுப்பு. சென்னைக்கு அருகே பெரம்பூரில் வாழ்ந்த தம் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையையும் அவர் புதுவைக்கு வருவித்தார். அத்திருவேங்கடம் பிள்ளையின் மைந்தரே ஆனந்தரங்கர்.

நயினியப்பர் சைவ, வைணவத் தமிழரின் வழிபாட்டு முறையை விடாதவர். கும்பினியின் தலைமைத் தரகர் கிறித்தவராகவே இருத்தல் வேண்டும் என்று ஏசு சபையினர் விடாது வற்புறுத்திவந்தனர். கிறித்தவர் அனைவரும் அவருக்குப் பகைவர் என்று எண்ணிவிடலாகாது. புதுவையிலிருந்த மற்றொரு கிறித்தவச் சங்கத்தைச் சேர்ந்த குருமாரும், சேன் மாலோ துறைமுகத்து வணிகரும் பின்னாளில் அவர் பொருட்டே வாதாடினர். 1715ஆம் ஆண்டில், வழிபாட்டின்மீது விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்துப் புதுவைத் தமிழர் பலர் ஊரைவிட்டு வெளியேற முனைந்தனர். நெசவாளரும் கூலியாளரும் போய்விட்டால் கும்பினியின் வாணிகம் என்னாவது? ஆட்சியாளர் அஞ்சினர். அக்கிளர்ச்சியைத் தூண்டியவர் நயினியப்பரே என்ற பழி எழுந்தது. பதவி இழந்து பாரிசு சென்றிருந்த ஏபேர், அவ்வாண்டிலேயே மீண்டும் அதிகாரத்துடன் புதுவைக்கு வந்தார். முன்னர்த் தாமே உயர்த்திவைத்த தரகரை, இப்போது தாமே சிறைப்படுத்தினார்.

1716ஆம் ஆண்டு பிப்ரவரியில் நயினியப்பர் கோட்டையில் அடைக்கப்பட்டார். திருவேங்கடம் பிள்ளையும் சிறைப்பட்டார். ஆனந்தரங்கர் அப்போது ஏழு வயதும் நிரம்பாத சிறுவர். நயினியப்பர்மீது சாட்டப்பட்டவை கொடுங்கோன்மை, அரசுக்கு எதிரான கலகம் என்னும் இரண்டு குற்றங்கள்.

இனி விசாரணை நடந்த முறையை மாணவர்கள் கருத்துடன் கேட்க வேண்டும். அந்நாளில் பிரெஞ்சு நாட்டில் குற்ற வழக்குகளை நடத்திய சட்டம் 1670ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்தது. அச்சட்டப்படி விசாரணை மறைவாக நடக்கும். நீதிபதி சாட்சிகளைத் தனித்தனியே அழைத்து வினவுவார். அவர்கள் கூறுவதை எழுத்தர் எழுதுவார். எழுதிய ஏடுகளைக் கொண்டே தீர்ப்பு அமையும். கொடுங்குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வழக்கறிஞர் துணை இல்லை. பிரெஞ்சு மொழி அறிந்த பிரெஞ்சுக்காரனுக்கே இருள் நிறைந்த வழி இது. தமிழருக்கு இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. சாட்சிகள் சொன்னது தமிழில்; எழுதப்பட்டது பிரெஞ்சில். இரண்டுக்கும் இடையே நின்று மொழிபெயர்த்தவர் யார்? ஏசு சபையினரிடம் ஊழியம் புரிந்த உபதேசியார் ஒருவரின் மகன். தாம் என்ன சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது என்று படித்தறிய இயலாத சாட்சிகள் அவ்வேடுகளில் கையொப்பமிட்டனர். வழக்குத் தொடுத்தவர்களின் சார்பினர் வாயிலாகவே சாட்சியம் நீதிபதியின் செவிக்குச் சென்றது. நீதிபதியோ சிறைப்படுத்திய ஆளுநரே.

அவ்வாண்டு சூன் திங்களில் தீர்ப்பு வந்தது. கடைவீதியில் ஊரார் காண 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம், வீடு, நிலம், பொருள் யாவும் பறிமுதல். அவர் மக்களும் நகரை விட்டு நீங்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் மற்றொரு கூறு. நேற்றுவரை யானைமேல் ஊர்ந்த செல்வர், தாம் துணி விலை பேசிய அதே கடைவீதியில் கசையடி பட்டார். மறு ஆண்டு, 1717இல், சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. ஏபேரின் செயலை வெறுத்தவர்கள் பிரெஞ்சுக்காரருள்ளும் இருந்தனர். நயினியப்பரும் அவர் மக்களும் எழுதிய முறையீடுகள் கப்பலேறிப் பாரிசு சென்றன. நயினியப்பர் நல்லவர் என்ற புகழுரையோடு அம்முறையீடுகள் நிற்கவில்லை. பிரெஞ்சு மன்னரின் சொந்தச் சட்டம் வகுத்த முறைகளே இவ்விசாரணையில் மீறப்பட்டன என்று அவை வாதிட்டன. சாட்சிகளை நேருக்கு நேர் நிறுத்த வேண்டிய வகையில் நிறுத்தவில்லை, மொழிபெயர்ப்பு நடுநிலையானதன்று, பகைவரே நீதிபதியாயிருந்தனர். ஆளும் மன்னனின் சட்டத்தையே எடுத்துக்காட்டி அம்மன்னனின் ஆளுநர்மீது குற்றம் நிறுவிய இத்தமிழ்க் குடும்பத்தாரின் அறிவுத்திறன் வியக்கத்தக்கது அன்றோ?

மூத்த மைந்தர் குருவப்ப பிள்ளை தாமே கடல் கடந்து பாரிசு சேர்ந்தார். பல மாதம் அலைகடலில் செல்ல வேண்டிய பயணம் அது. அப்போது மன்னர் பதினைந்தாம் லூயி சிறுவர். அவருக்காக ஆட்சி புரிந்தவர் ஓர்லெயான் கோமகனார். 1718இல் ஏபேர் பதவி நீக்கப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1719, 1720 ஆகிய ஆண்டுகளில் பழைய தீர்ப்பு செல்லாதென ஆயிற்று. நயினியப்பரின் பெயர் களங்கம் நீங்கியது. அவர் குடும்பத்துக்கு ஏபேர் ஈடு செய்ய வேண்டும் என்றும் முடிவாயிற்று. குருவப்பர் பாரிசில் கிறித்தவ சமயம் தழுவினார். கோமகனாரே அவருக்கு ஞானத் தந்தையாக நின்றார். புனித மிக்கேல் விருதும் செவாலியர் பட்டமும் பெற்றுப் புதுவை திரும்பிய அவர், தந்தை வகித்த தலைமைத் தரகர் பதவியிலேயே அமர்ந்தார், 1724இல் காலமானார்.

மகன் வெற்றி பெற்றார் என்று நாம் மகிழலாம். ஆனால் தந்தையார் அதனைக் காண இருக்கவில்லை. மேல்முறையீட்டு மன்றம் பல்லாயிரம் கல் தொலைவில் இருந்தது. கப்பல் வழி செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பத்துக்குத்தான் திறந்திருந்தது. அந்த ஆண்டுகளில் சாவடியில் கசையடி பட்ட ஏழைக் கூலியாளுக்காகப் பாரிசுக்குச் சென்றவர் எவரும் இலர்.

இந்த முறையின் கொடுமை தமிழரை மட்டும் வருத்தியதன்று. ஐம்பது ஆண்டு கழித்து அது புதுவையின் பிரெஞ்சுத் தலைவர் ஒருவரையே விழுங்கியது. 1761ஆம் ஆண்டு சனவரியில் புதுவைக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. தோற்ற தளபதி லாலி, பிரான்சுக்குத் திரும்பித் தம்மீது கூறப்பட்ட பழியை நீக்கிக்கொள்ள முனைந்தார். அவரைப் பாஸ்தீல் சிறையில் அடைத்தனர். அதே 1670ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கறிஞர் துணையின்றி விசாரணை நடந்தது. 1766 மே 9ஆம் நாள், வாயை அடைத்துக் கொணர்ந்து, அவர் தலையை வெட்டினர். அவர் மைந்தரும் குருவப்பரைப் போலவே தந்தையின் பெயரை மீட்கப் போராடினார். வால்தேர் என்னும் பேரறிஞர் அவருக்குத் துணை நின்று எழுதினார். 1778 மே திங்களில் மன்னரின் சபை அத்தீர்ப்பைத் தள்ளியது. மரணப்படுக்கையில் கிடந்த வால்தேருக்கு அச்செய்தி எட்டியது. அதன்பின் சில நாள்களே அவர் உயிரோடிருந்தார்.

மறைவான விசாரணை, துணையற்ற குற்றவாளி, பகைவரே நீதிபதி என்னும் இக்கேடுகளை எதிர்த்து எழுந்த சினம், 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சிக்கு எரிபொருளான காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டு வெளியான மனித உரிமைப் பிரகடனம், சட்டம் வகுத்த முறையில் அன்றி எவரையும் சிறைப்படுத்தலாகாது என்றது. குற்றவாளியென முடிவாகும்வரை எவரும் குற்றமற்றவரே என்றும் கூறிற்று. நெப்போலியன் காலத்தில், 1808இல் குற்ற விசாரணைச் சட்டமும் 1810இல் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டன. நெப்போலியன் வீழ்ந்தபின் புதுவை மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1819 சனவரி 6ஆம் நாள் பிறந்த ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுதிகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. குடும்பம், வாரிசுரிமை முதலியவற்றில் மட்டும் இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் தத்தம் வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் அவ்வாணை உறுதி கூறியது. சாவடியின் காலம் முடிந்தது. முதனிலை நீதிமன்றமும் மேல்முறையீட்டு மன்றமும் எழுந்தன. 1838இல் சட்டப்பள்ளி ஒன்றும் தோன்றியது. தமிழ் இளைஞர்கள் பிரெஞ்சுச் சட்டம் கற்று வழக்கறிஞராயினர்.

அவ்வாறு வழக்கறிஞரானவருள் ஒருவர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றத்தினுள் புகுந்தார். நாட்டவர் காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே வரவேண்டும் என்பது அங்கே இருந்த வழக்கம். நீதிபதி அவருக்குத் தண்டனை விதித்தார். பொன்னுத்தம்பியார் பணிந்து போகவில்லை; பாரிசிலுள்ள உச்ச மன்றமாகிய கசாசியோன் மன்றத்துக்கு முறையிட்டு வென்றார். வழக்கறிஞனின் தகுதி அவன் பிறப்பைப் பொறுத்ததன்று என்பது அவ்வெற்றியின் பொருள். பின்னாளில் அவர் லப்போர்த்து என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். கதவு என்பது அச்சொல்லின் பொருள். 1881ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் குல வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற தமிழர்களுக்கு அவர் வழிகாட்டியானார்.

பிரெஞ்சு நீதிமுறையில் நமக்குப் புதிதாகத் தோன்றும் அலுவலர் ஒருவர் உண்டு. அவர் விசாரணை நீதிபதி. ஆங்கிலேயர் முறையில் காவலரே குற்றத்தைத் துருவி ஆராய்வர். நீதிபதி இரு தரப்பு வாதத்தையும் கேட்டு நடுவராக அமர்வார். பிரெஞ்சு முறையிலோ, பெரிய குற்றங்களை நீதிபதி ஒருவரே முன்னின்று ஆராய்வார்; வீட்டைச் சோதிப்பார்; சாட்சிகளை வினவுவார்; கண்டவற்றையெல்லாம் ஏடாகத் தொகுப்பார். குற்றத்தை நிறுவும் சான்றை மட்டுமின்றி, குற்றமின்மையைக் காட்டும் சான்றையும் தேடுவது அவர் கடமை.

அந்த முறை புதுவையில் ஒருமுறை நன்மை விளைத்ததை இங்கே கூற வேண்டும். 1908இல் பாரதியாரும், 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் ஆங்கிலேயரின் பிடியிலிருந்து விலகிப் புதுவையில் வாழ்ந்தனர். அவர்களைச் சிக்கவைக்க விரும்பிய ஒற்றர்கள், சதிக்குச் சான்று போல் தோன்றும் தாள்களை ஐயர் வீட்டுக் கிணற்றில் இரகசியமாகப் போட்டனர். அவை கண்டெடுக்கப்பட்டதும் இவர்களே முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டனர். 1912இல் விசாரணை நீதிபதி நாந்தோ என்பவர் வீடுகளைச் சோதிக்க நேரில் வந்தார். அரவிந்தரின் அறையில் அவர் கண்டவை கிரேக்கமும் இலத்தீனும் ஆகிய மொழிகளின் நூல்கள். இவற்றைக் கற்ற அறிஞரா சதிகாரர் என்று வியந்து திரும்பினார். அன்று நீதிபதி தம் கண்ணால் கண்டு தெளிந்தமையால் ஒற்றர் விரித்த வலை அறுந்தது. 1716இல் நீதிபதி பிறர் சொல்லைக் கேட்டு முடிவு செய்தார். 1912இல் நீதிபதி சென்று பார்த்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. ஆயினும் நீதிமன்றங்களில் பிரெஞ்சுச் சட்டம் உடனே மறைந்துவிடவில்லை. 1956இல் கையொப்பமான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நிறைவுற்றது. அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுவைக்கு விரிந்தது. 1963 அக்டோபர் 1ஆம் நாள் முதல் இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இங்கே செயற்பட்டன. அதுவரை, புதுவையில் நிகழ்ந்த திருட்டுக்குச் சட்டம் ஒன்று. எல்லைக்கு அப்பால் கோட்டக்குப்பத்தில் நிகழ்ந்த திருட்டுக்குச் சட்டம் வேறொன்று. நெப்போலியனின் சட்டத்தில் பயின்ற நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் மெக்காலே பிரபு வரைந்து 1860இல் நிறைவேறிய சட்டத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. 2024 சூலை 1ஆம் நாள் முதல் அச்சட்டமும் மாறி, பாரதிய நியாய சன்ஹிதா முதலிய மூன்று புதிய சட்டங்கள் நாடெங்கும் நடைமுறையில் உள்ளன. பிரெஞ்சுக்காலத்தின் எச்சமாக இங்கே எஞ்சியிருப்பவை, காவலர் தலையிலுள்ள செந்நிறத் தொப்பியும், குல வழக்கத்தைத் துறந்தவர்களின் வழிவந்த குடும்பங்களுக்கு இன்றும் பொருந்தும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமும் போன்ற சிலவே.

இன்று புதுவையில் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டால் என்ன நடக்கும்? முதலில் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். கைது செய்தால், ஏன் கைது செய்தோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். வழிப்பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு தரும் உரிமை. காவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் சான்றாகாது. குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையெனில், அவர் பிணையில் வெளிவரும் உரிமை பெறுகிறார். சிறு குற்றங்களை நடுவரும் கொடுங்குற்றங்களை அமர்வு நீதிமன்றமும் விசாரிப்பர். அமர்வு நீதிபதி மரண தண்டனை விதித்தால், சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி அதை நிறைவேற்ற இயலாது. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் உண்டு.

நயினியப்பருக்குக் கிட்டாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இம்முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருக்கு வழக்கறிஞர் இல்லை. இன்று, பொருளற்றவருக்கு அரசே தன் செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும். அவருக்கு எதிரான சாட்சியம் மறைவில் எழுதப்பட்டது. இன்று, சாட்சி குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் நின்று பேச வேண்டும். அவருடைய வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யலாம். சாட்சியத்தின் மொழி அவருக்குப் புரியாததாயின், புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அவரைச் சிறையிட்டவரே தீர்ப்புக் கூறினார். இன்று, காவல் வேறு, வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர் வேறு, நீதிபதி வேறு. அவருடைய மேல்முறையீடு கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று, சில மணி நேரப் பயணத்தில் உயர் நீதிமன்றம் உள்ளது. இவற்றுள் ஒவ்வோர் உரிமைக்கும் பின்னால் அது இல்லாமையால் வருந்திய மனிதர் பலர் உண்டு. அவருள் ஒருவர் பெயரைத்தான் அந்தப் புதுவை வீதி தாங்கி நிற்கிறது.

எனினும், எல்லாம் நிறைவுற்றது என்று நாம் எண்ணி அமைந்துவிடலாகாது. இந்தியச் சிறைகளில் உள்ளோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் தீர்ப்புப் பெற்றவர் அல்லர். விசாரணையை எதிர்நோக்கிக் காத்திருப்போரே. 1979இல் பீகார்ச் சிறைகளைப் பற்றிய உசைனாரா கத்தூன் வழக்கில், விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. தமக்கு விதிக்கக்கூடிய மிகைப்படியான தண்டனைக் காலத்தைவிட நெடுங்காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் அவ்வழக்கினால் வெளிவந்தனர். ஆயினும் சிறையில் காத்திருப்போர் கூட்டம் இன்னும் குறைந்தபாடில்லை. தந்தை மாண்டபின் வந்த நற்றீர்ப்பு நயினியப்பரின் பெயரை மீட்டது. அவர் உயிரை மீட்கவில்லை. தீர்ப்பு நேர்மையாய் இருத்தல் மட்டும் போதாது. மனிதன் உயிரோடு இருக்கும்போதே அது வர வேண்டும். ஆராய்ந்து, எவர் பக்கமும் சாயாது, முறைசெய்வதே செங்கோன்மை என்று வள்ளுவர் வகுத்தார். அதனோடு காலத்தே செய்தலையும் சேர்த்துக்கொள்வது நம் தலைமுறையின் கடமை.

இதைக் கற்க மாணவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நம் நாட்டில் குற்ற வழக்குகள் திறந்த மன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. சட்டம் தனியே விலக்கிய சில வழக்குகள் நீங்கலாக, எவரும் சென்று அமர்ந்து கேட்கலாம். விடுமுறைக் காலத்தில் ஒரு நாள் உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள். கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்து, கூண்டில் நிற்பவர் தமக்கு எதிராகச் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்கிறாரா, அவர் சார்பாகப் பேச ஒருவர் எழுகிறாரா என்று பாருங்கள். 1716இல் புதுவைக் கோட்டையினுள் அப்படி அமர்ந்து பார்க்க எவருக்கும் இடம் இருக்கவில்லை.